அக்கரைக்காரன் வார்த்தை

அந்தக் குளிர்காலத்தில் ரப்பஹானக் ஆற்றின் மேல் படிந்த பனிமூட்டம் விடிந்து நெடுநேரம் ஆனாலும் கலையாது. அக்கரை தெரியாது, தண்ணீர் தெரியாது, சில நாள் கையில் பிடித்திருக்கும் துப்பாக்கியின் முனைகூடத் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு குரல் வரும். பிறகு ஒரு குட்டிப் படகு வரும். முழங்கை நீளம் இருக்கும், மரத்துண்டைக் குடைந்து செய்தது, பழைய செய்தித்தாள்தான் பாய். அதன் வயிற்றில் புகையிலை இருக்கும்.

அமெரிக்கா வடக்கு, தெற்கு என்று பிளந்து அடித்துக்கொண்ட போர் அது. நாங்கள் வடக்கத்திக்காரர்கள், நீலச் சட்டை. அவர்கள் தெற்கத்திக்காரர்கள், சாம்பல் சட்டை, அதுவும் சட்டை என்று ஒன்று மிஞ்சியிருந்தவர்களுக்கு. டிசம்பரில் ஆற்றைத் தாண்டிப் போய் அவர்களுடைய மேட்டில் முட்டி மோதினோம். ஆட்களை அள்ளிக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பி வந்து உட்கார்ந்தோம். தளபதிகள் அடுத்த சண்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்கட்டும், அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம். ஆற்றங்கரைக் காவலில் நின்ற எங்களுக்கு வேறு கவலை இருந்தது. எங்களிடம் காபிக்கொட்டை மூட்டை மூட்டையாக இருந்தது, நல்ல புகையிலை இல்லை. அவர்களிடம் புகையிலை குவிந்து கிடந்தது, காபி இல்லை. வறுத்த சோளத்தையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கொதிக்கவைத்து, அதைக் காபி என்று தங்களையே ஏமாற்றிக்கொண்டு குடித்தார்கள். ஆகவே படகுகள் போயின, படகுகள் வந்தன. சுக்கானைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் நீரோட்டமே கொண்டுபோய் அக்கரையில் சேர்த்துவிடும்.

காவல்காரர்களுக்கு என்று இரண்டு சட்டங்கள் இருந்தன. எந்தத் தளபதியும் எழுதியவை அல்ல. முதலாவது, சொல்லாமல் சுடக்கூடாது. மேலிருந்து உத்தரவு வந்துவிட்டால் முதலில் கத்த வேண்டும். "ஜானி, குழிக்குள்ள போங்கப்பா, எங்களைச் சுடச் சொல்லிட்டாங்க" என்போம். அவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஜானி, நாங்கள் எல்லோரும் அவர்களுக்கு யாங்கி. இரண்டாவது, வார்த்தை கொடுத்து ஒருவனை விருந்துக்கு அழைத்தால் அவனை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும். என்னைப் படுத்தியது அந்த இரண்டாவது சட்டம்தான்.

என் பெயர் லைமன் ஹேஸ்கல். வெர்மான்ட் மலைப்பக்கம். நான் படையில் சேர்ந்தபோது என் மனைவி தர்ஸா மாசமாக இருந்தாள். பெண் பிறந்தது, ஃபீபி என்று பெயர் வைத்தார்கள், ஒரு வயதும் ஆகிவிட்டது. நான் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து புதிதாகப் படைக்கு வந்த ஒருவன் என் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "குழந்தைக்கு நெஞ்சுச் சளி, லைமன். குளிர்காலம் பூரா இருமிக்கிட்டே இருக்கு. மரத்துல இலை விடற வரைக்கும் தாங்காதுன்னு பேசிக்கறாங்க." அவன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

விடுப்புக் கேட்டேன். எங்கள் படைப்பிரிவில் இருவருக்குத்தான் விடுப்பாம், சீட்டுக் குலுக்கினார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் நெஞ்சார அழுதுகூடப் பார்த்தேன், சீட்டு வேறு யாருக்கோ விழுந்தது. அதில் ஒருவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஓடிப்போகலாம் என்று தோன்றியது. ஓடியவர்களைப் பிடித்துச் சவப்பெட்டியின் மேல் உட்காரவைத்துச் சுட்டதை நான் அணிவகுப்பில் நின்று பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு அப்பனைப் பற்றி அந்தக் கதையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வழியைச் சொன்னது ஓரின் டாட்ஜ். என் குடிசையில் என்னோடு படுப்பவன். வாயைத் திறந்தால் கேலிதான். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியின் அடிக்குழலால் காபிக்கொட்டையை இடித்துக்கொண்டே சொன்னான். "இந்தப் பட்டாளத்துல வீட்டுக்குப் போற ஆளு யாரு தெரியுமா? எதிரிகிட்ட மாட்டறவன்தான். நம்ம குதிரைப்படைப் பய ஒருத்தன் பிடிபட்டானே, ஜான்சனோ ஜாக்சனோ, அவன் இப்ப வீட்டு அடுப்பங்கரையில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நாமதான் தைரியசாலிங்க, சேத்துல கிடக்கறோம்."

அவன் சொன்னது உண்மை. அந்த வருஷம் பிடிபட்ட கைதிகளை யாரும் வைத்துச் சோறு போடுவதில்லை. பதிலுக்குப் பதில் ஆள் மாற்றிக்கொள்ளும்வரை ஆயுதம் தொடமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு அவரவர் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பரோல் என்று பெயர். மாற்று முடிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இரண்டு மாதம் எனக்குப் போதும். நான் செய்யவேண்டியது ஒன்றுதான், பிடிபட வேண்டும். அதுவும் நானாகப் போய்ச் சரணடைந்ததாகத் தெரியக்கூடாது. தெரிந்தால் அதுவும் ஓடிப்போன கணக்குதான்.

அக்கரையில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். ஆஸ்பரி ப்ரூயிட், ஜார்ஜியாக்காரன். பல வாரமாக அவனைக் குரலாக மட்டும் தெரியும். பனிமூட்டத்தில் இரண்டு குரல்கள் ஆற்றின் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும், உடம்புகள் அவரவர் கரையில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவன் தன் மனைவியைப் பற்றிப் பேசினான்.

"யாங்கி, ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காத. என் பொண்டாட்டி முகம் எனக்கு மறந்து போச்சு. கண்ணை மூடினா மூக்கு வருது, நெத்தி வருது. வாய் வரமாட்டேங்குது. ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துட்டா போதும். உங்க ஆளுங்க யாராவது என்னைப் பிடிச்சுட்டுப் போனீங்கன்னா கோடிப் புண்ணியம்."

"வாடா, பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"வருவேன், வருவேன். உங்க காபி வாசனை இப்படியே அடிச்சுட்டு இருந்தா ஒரு நாள் நானே நீந்தி வந்து கெட்டில்கிட்ட சரணடைஞ்சுருவேன்" என்றான். இரண்டு கரையிலும் சிரித்தார்கள்.

ஆகவே நான் பிடிபட வேண்டும் என்று நினைத்தபோது முதலில் அவன் குரல்தான் நினைவுக்கு வந்தது. "விருந்துக்குக் கூப்பிட மாட்டியா?" என்று கேட்டேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டைத் தோணி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு காலையில், பால்சட்டிக்குள் இருப்பது போல ஊர் முழுக்க வெள்ளையாக இருந்தபோது, துடுப்புச் சத்தம் கேட்டது. தோணியின் மூக்கு தெரிந்தது, பிறகு தாடி வைத்த ஒரு நீண்ட முகம். நான் நினைத்ததைவிட வயதானவன். அவனும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பான்.

"ஏறு. எங்க குழியில இருக்கற அத்தனை பேரும் வார்த்தை கொடுத்திருக்கோம். போன மாதிரியே கொண்டாந்து விடுவோம்" என்றான்.

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னை விருந்தாளியாகக் கூட்டிப் போகாதே, கைதியாகக் கூட்டிப் போ என்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரிய கோட் நிறையக் காபிக்கொட்டையை அடைத்துக்கொண்டு பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். அங்கே போனால் எவனாவது ஓர் அதிகாரி வராமலா இருப்பான், பார்த்தால் பிடிக்காமலா விடுவான் என்பது என் கணக்கு.

அவர்களுடைய குழி பைன் கிளைகளால் மூடியிருந்தது. உள்ளே நெருப்பு, புகை, ஐந்தாறு பேர். ஒருவன் காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான், செருப்பு இல்லை. பன்றிக் கொழுப்பில் பொரித்த சோள ரொட்டி கொடுத்தார்கள். நான் கொண்டுபோன கொட்டையை இடித்துக் கொதிக்கவைத்தார்கள். வாசனை கிளம்பியதும் பேச்சு நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு தகரக் குவளை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள், கோயிலில் நிற்பவர்கள் போல. கிளைகளின் இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து நெருப்பின் மேல் மெதுவாகச் சுற்றியது. யாருக்கும் எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லாதது போல இருந்தது. போன டிசம்பரில் இவர்கள்தான் அந்த மேட்டிலிருந்து எங்களைக் கதிர் அறுப்பது போல அறுத்தவர்கள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அவர்களோ பதறிப்போனார்கள். "கேப்டன் டில்லார்ட்!" என்று ஒருவன் முணுமுணுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் என்னைக் கீழே அழுத்திப் போர்வையை மேலே போட்டார்கள். அதற்கும் மேலே ஒரு கனத்த ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஃபிளின்ட் என்று அவனுக்குப் பெயர், எருமைக் கன்று மாதிரி இருந்தான். எனக்கு மூச்சு முட்டியது. கேப்டன் ஏதோ கேட்டார், இவர்கள் ஏதோ சொன்னார்கள், கேப்டன் திரும்பிப் போகப் பார்த்தார். என் மகள் திரும்பிப் போவது போல இருந்தது எனக்கு. போர்வைக்கு அடியிலிருந்து பலமாக இருமினேன்.

"யாருடா அது?" என்றார் கேப்டன்.

"யாருமில்லைங்கய்யா, நான்தான்" என்றான் ஃபிளின்ட்.

"நீ எதுல இருமற, பின்னாலயா?"

போர்வை விலகியது. நீலச் சட்டையோடு நான் எழுந்து நின்றேன். கேப்டன் இளைத்த மனிதர், ஒரு கை கட்டுப் போட்டிருந்தது. என்னையும் காபிக் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது. இவன் கைதி. கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் ஒருவனும் அசையவில்லை. ஆஸ்பரி தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, அது மட்டும் வேணாங்கய்யா. இவன் எங்க விருந்தாளி. பத்திரமா திருப்பி விடறதா நாங்க வார்த்தை கொடுத்திருக்கோம்."

"எதிரிக்கு எதுக்குடா வார்த்தை கொடுத்தீங்க?"

"கொடுத்துட்டோங்கய்யா. நம்ம பசங்க அந்தப் பக்கம் போனப்ப அவங்க திருப்பி அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு நாங்க இவனைப் பிடிச்சுக் கொடுத்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆத்தங்கரையில நிப்போம்? வேணும்னா எங்களை உள்ள தள்ளுங்க. இவனை விட்ருங்க."

செருப்பில்லாதவன் அழுதே விட்டான். ஃபிளின்ட் முட்டி போட்டான். என்னைக் காப்பாற்ற அவர்கள் கெஞ்சக் கெஞ்ச, நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். கேப்டன் மறுபடியும் காபிக் கெட்டிலைப் பார்த்தார். பிறகு அலுத்துக்கொண்டார். "சரி, தொலையட்டும். உடனே ஆத்தைத் தாண்டிப் போயிரணும். நான் எதையும் பாக்கல."

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"ஐயா, என்னைப் பிடிச்சுட்டுப் போங்க" என்றேன்.

நான் சொன்னேன், எல்லாவற்றையும். ஃபீபியை, சளியை, சீட்டுக் குலுக்கலை. சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆஸ்பரியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கேப்டன் கடைசிவரை கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது. "எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா என் ஆளுங்க இப்பத்தான் என்னை எதிர்த்து நின்னு தங்களோட வார்த்தையைக் காப்பாத்தியிருக்காங்க. வேற எதுவும் இவங்ககிட்ட மிச்சமில்ல. அதை உன் வசதிக்காக நான் உடைக்க முடியாது. உன் கரைக்குப் போய்ச் சேரு." குதிரை மூட்டத்துக்குள் போய்விட்டது. எவ்வளவு நல்ல மனிதர்கள்! அவர்களுடைய நல்ல குணத்தை அன்றைக்கு நான் சபித்த மாதிரி எந்தக் கெட்டவனையும் சபித்ததில்லை.

ஆஸ்பரி தோணியைத் தள்ளினான். துடுப்பு தண்ணீரில் விழுவதும் எழுவதும் மட்டும் கேட்டது. இரண்டு கரையும் இல்லை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் நாங்கள் இருவர்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றான் கடைசியில். "வார்த்தை கொடுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா, காலைல ஆத்தங்கரையிலயே உன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே, முட்டாப்பயலே."

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"வெக்கம்! வெக்கத்தை வச்சுப் புள்ளைக்கு மருந்து காய்ச்சிக் கொடு."

தோணி எங்கள் கரையில் முட்டியது. காவலுக்குக் கொஞ்சம் கீழே, வில்லோ மரங்கள் சாய்ந்திருந்த இடம். நான் இறங்கினேன். அவனும் இறங்கித் தோணியைச் சேற்றில் இழுத்துவிட்டு நின்றான். மேலே எங்கள் ஆட்களின் பேச்சு கேட்டது. யாரோ சிரித்தார்கள். காலைக் காபி கொதிக்கும் வாசனை சரிந்து வந்தது. ஆஸ்பரி மூக்கைத் தூக்கி அதை இழுத்தான். கரையில் கிடந்த ஒரு மரத்தை வெறித்துப் பார்த்தான், அலுத்துப்போனவன் நாற்காலியைப் பார்ப்பது போல. நான் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறத் தொடங்கினேன்.

"யாங்கி, நில்லு."

திரும்பினேன்.

"உன் கரைக்கு வந்து சேந்துட்டியா?"

"சேந்துட்டேன்."

"முழுசா வந்து சேந்தியா? கை கால் எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப எங்க வார்த்தை முடிஞ்சுது" என்றான். தோணிக்குள் கிடந்த பழைய துப்பாக்கியை எடுத்தான். அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். என் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். "கையைத் தூக்கு. நீ இப்ப என் கைதி."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகக் கை தூக்கியதில்லை. அவன் என்னைத் தோணியில் ஏற்றி, ஆற்றில் தள்ளி, துடுப்பைப் பிடித்தான். எங்கள் கரை கரைந்து போயிற்று.

ஆற்றின் நடுவுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவன் எங்கள் கரையில் நின்றிருந்தான். கூப்பிடு தூரத்தில் எங்கள் காவல். பிடிபட வேண்டும் என்று ஏங்கியவன். அந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அவன் மனைவியைப் பார்க்கப் போயிருப்பான்.

"ஆஸ்பரி" என்றேன். "நீ அங்கயே உக்காந்திருக்கலாமே."

"தெரியும்" என்றான். துடுப்பை நிறுத்தவில்லை. "பேசாம வா. இன்னொரு வார்த்தை பேசினா தோணியைத் திருப்பிருவேன்."

நான் பேசவில்லை. திருப்பிவிடுவானோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கேப்டன் டில்லார்ட் எங்களைப் பார்த்ததும் குதிரையை நிறுத்தினார். "இவனை எங்க பிடிச்ச?" என்றார்.

"அவங்க கரையிலங்கய்யா" என்றான் ஆஸ்பரி, விறைத்து நின்றபடி.

கேப்டன் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் கனவில் நடப்பது போல நடந்தது. அவர்களுடைய தலைநகர் ரிச்மண்டில் ஒரு கிடங்கில் சில நாள், வாக்கு வாங்கிக்கொண்டார்கள், கப்பலேற்றி எங்கள் பக்கம் இறக்கினார்கள். பரோல் ஆட்களை வைக்கும் முகாமில் அடைத்தார்கள், ஆனால் வெளியே போகிறவனை நிறுத்த அங்கே யாருக்கும் ஆர்வமில்லை. ரயில் ஏறினேன்.

வெர்மான்டில் மேப்பிள் மரங்களில் பாகு காய்ச்சுவதற்கான இனிப்புச் சாறு இறங்கும் காலம். பனிக்குள் முழங்கால் புதைய நடந்து வீட்டுக்கு வந்தபோது தர்ஸா சாறு காய்ச்சும் கொட்டகையில் இருந்தாள். கொட்டகை முழுக்க இனிப்பான ஆவி. அதற்குள்ளிருந்துதான் என் மகள் இருமுவதைக் கேட்டேன். முதலில் அவள் குரல், பிறகுதான் அவள். உள்ளங்கையில் அடங்கும் முகம், பெரிய கண்கள். தர்ஸா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நெசமாவே நீங்கதானா?" என்றாள். "யாரு உங்களை விட்டாங்க?" எதிரி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

அந்த ஆவியில் ஃபீபிக்கு மூச்சு கொஞ்சம் இளகும். அதனால் பகல் முழுக்க அவளை மார்பில் சாய்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு நாள் என்னைக் கண்டு அழுதாள். மூன்றாம் நாள் தாடியைப் பிடித்தாள். பிறகு என்னை விட்டு இறங்கவே மாட்டாள். ஒரு விரலைச் சாற்றில் தோய்த்து நாக்கில் வைத்தால் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாள். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை எழுந்து நின்றாள். நடக்கவில்லை, நின்றாள். தர்ஸாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் மனிதர்களுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஏப்ரலில், சாறு நின்று மரங்கள் அரும்பு விடத் தொடங்கியபோது, என் மார்பின் மேல் படுத்தபடியே போய்விட்டாள். நான் வராமல் இருந்திருந்தாலும் போயிருப்பாள். வந்ததால் எனக்கு மூன்று வாரம் ஒரு மகள் இருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஆள் மாற்று முடிந்தது என்று உத்தரவு வந்தது. படைக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. நாங்கள் மறுபடியும் தோற்று, மறுபடியும் அதே கரையில் வந்து உட்கார்ந்திருந்தோம். அவர்களும் அவர்களுடைய பழைய கரையில். ஓரின் என்னைக் கட்டிப்பிடித்தான். ஃபீபியைப் பற்றி நான் சொன்னதும் என் தோளில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றான். கேலி எதுவும் செய்யவில்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"லைமன், அக்கரையில தெனமும் காலைல உன்னைக் கேக்கறானுங்கடா."

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினேன். வெயில் காலம்தான், ஆனாலும் ஆறு புகைந்துகொண்டிருந்தது. "ஜார்ஜியா! வெர்மான்ட் லைமன் வந்திருக்கேன்" என்று கத்தினேன்.

"யாங்கி! வந்துட்டியா?" ஃபிளின்ட்டின் குரல். "எங்கடா போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா? ஆஸ்பரி உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அவன் எங்க? கூப்பிடு."

ஃபிளின்ட்டின் குரல் தணிந்தது, ஆனாலும் தண்ணீரின் மேல் ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது. "அந்தச் சண்டையில வயித்துல குண்டு. பின்னாடி கூடாரத்துல கிடக்கான். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இன்னிக்கோ நாளைக்கோதான். கண்ணை மூட மாட்டேங்கறான்பா. அந்த யாங்கியோட புள்ள பொழைச்சுதா, பொழைச்சுதான்னு ஒரே கேள்வி. சொல்லு யாங்கி, நான் ஓடிப்போய்ச் சொல்லணும். பொழைச்சுதா?"

ஓரின் என் பக்கத்தில் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பொழைச்சுட்டா!" என்று கத்தினேன். "அவன்கிட்ட சொல்லு, நல்லா இருக்கா! நடக்கறா! வீடு பூரா நடக்கறா!"

அக்கரையில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குச் செய்தி கத்திக்கொண்டே போனது. யாங்கியோட பொண்ணு நடக்கறாளாம், நடக்கறாளாம். பிறகு அந்தக் கரை நெடுகிலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தொப்பியை வீசி ஆரவாரம் செய்தார்கள். சண்டையில் வெற்றி பெற்றால் எழுப்புவார்களே, அதே கூச்சல். அது அடங்கும்வரை நான் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றேன். அந்த மூட்டத்தில் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது.